ஃபோர்ட்நைட்: பதினான்கு நாளா, பதினைந்து நாளா?

ஜனவரி 9, 2026 (கேள்வி)

என் பெண் ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலத் தேர்வில் ஃபோர்ட்நைட் என்ற சொல்லுக்கு 14 நாள் என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டு சிவப்பு மையில் 15 என்று போட்டு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் 15தான் என்கிறார்கள். வங்கியில் இருக்கும் என் மச்சினர், "இப்ப சட்டமே 15னு மாத்திடுச்சு" என்கிறார். அகராதியில் 14 என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? பள்ளியில் போய்க் கேட்கலாமா?

ஜனவரி 9, இரவு

14. தாராளமாகப் போய்க் கேளுங்கள், குழந்தை எழுதியது சரி.

அந்தச் சொல்லுக்குள்ளேயே 14 இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பதினான்கு இரவு என்று இரண்டு சொல்லாகச் சொன்னதுதான் ஒட்டித் தேய்ந்து ஃபோர்ட்நைட் ஆனது. முதல் பாதி ஃபோர்ட்டீன், பின் பாதி நைட். ஏழு இரவு என்பதும் இதேபோல் ஒட்டி செனைட் என்று ஒரு சொல்லாக இருந்தது, வாரம் என்ற பொருளில். ஷேக்ஸ்பியர் காலத்தில் சாதாரணமாகப் புழங்கிய அது வழக்கொழிந்துவிட்டது, தம்பி மட்டும் மிஞ்சியிருக்கிறான். அதனால் அகராதி எதைப் புரட்டினாலும் இரண்டு வாரம் அல்லது பதினான்கு நாள் என்றுதான் இருக்கும்.

மச்சினர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அது வேறு கதை, பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 10, காலை

15 எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நம் ஊரில் 15 என்று சொல்கிறவர்கள் எல்லோரும் தெரியாமல் சொல்லவில்லை. நாம் காலங்காலமாக மாதத்தை இரண்டாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம், வளர்பிறை ஒரு பாதி, தேய்பிறை ஒரு பாதி. பாதிக்குப் பதினைந்து திதி. அதைப் பட்சம் என்கிறோம். இந்தியில் மாதமிருமுறை வரும் பத்திரிகைக்கு பாட்சிக் என்று பெயர், அந்தப் பட்சத்திலிருந்து வந்ததுதான். பக்வாடா என்பதும் அதே வேர். இந்தப் பட்சத்துக்கு ஆங்கிலத்தில் சமமாக ஒரு சொல் தேடியபோது கிட்டத்தில் இருந்தது ஃபோர்ட்நைட். எடுத்துப் போட்டார்கள். சொல் இங்கே வந்து நம் 15ஐ வாங்கிக்கொண்டது.

கண்தான விழிப்புணர்வுக்காக ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை நடத்துகிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் நேஷனல் ஐ டொனேஷன் ஃபோர்ட்நைட். எண்ணிப் பாருங்கள்: ஆகஸ்டில் 7 நாள், செப்டம்பரில் 8 நாள், மொத்தம் 15. அதையே தமிழ்ச் சுவரொட்டியில் கண்தான இருவார விழா என்று போடுகிறார்கள். இருவாரம் என்று எழுதிவிட்டுப் பதினைந்து நாள் கொண்டாடுகிறோம்! விழாவுக்கு ஒரு நாள் கூடினால் நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஜனவரி 10, மதியம்

ஒன்று விட்டுப்போனது. ஆசிரியரிடம் பேசும்போது அகராதியைக் கையில் கொண்டுபோய்ச் சண்டை போடவேண்டாம். 'இந்தியாவில் 15 என்றும் புழங்குகிறது, ஆனால் சொல்லின் பொருள் 14' என்று சொன்னால் யாரும் கேட்பார்கள்.

ஜனவரி 12

இப்போது வங்கி.

நான் வங்கிக் கிளையில் இருந்த காலம் முழுக்க ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்கு முக்கியமான நாள். ரிப்போர்ட்டிங் ஃப்ரைடே என்போம். அன்றைய வைப்புத்தொகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கணக்கெடுத்து மேலே அனுப்பவேண்டும், எல்லாக் கிளைக் கணக்கும் சேர்ந்து ரிசர்வ் வங்கிக்குப் போகும். வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் ஒரு பங்கை ரொக்க இருப்பாக ரிசர்வ் வங்கியில் வைக்கவேண்டும், சிஆர்ஆர் என்று செய்தியில் அடிபடுவது அதுதான். அந்த இருப்பை ஒரு ஃபோர்ட்நைட்டின் சராசரியாகப் பார்ப்பார்கள். அந்த ஃபோர்ட்நைட் எது என்று ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 42ஆவது பிரிவு சொல்லியிருந்தது: ஒரு சனிக்கிழமை தொடங்கி, அதையடுத்து வரும் இரண்டாவது வெள்ளிக்கிழமை வரை, இரண்டு நாளையும் சேர்த்து. அதாவது சுத்தமான 14 நாள். ஆங்கிலேயன் சொன்ன ஃபோர்ட்நைட் அப்படியே சட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

அதில் தொல்லையும் உண்டு. வெள்ளிக்கிழமை மாதக் கடைசியில்தான் வரும் என்று யார் சொல்லமுடியும்? மார்ச் 31 வருடக் கணக்கு முடிக்கும் நாள், ஆனால் ரிப்போர்ட்டிங் ஃப்ரைடே அதற்குச் சில நாள் முன்னாலோ பின்னாலோ விழும். அதனால்தான் ரிசர்வ் வங்கியின் பழைய புள்ளிவிவர அட்டவணைகளில் 'மார்ச் மாதத்தின் கடைசி ரிப்போர்ட்டிங் வெள்ளி' என்று தனியாகக் குறித்திருப்பார்கள். ஒரே மாதத்துக்கு இரண்டு நாளின் கணக்கை வைத்துக்கொண்டு ஏன் பொருந்தவில்லை என்று தணிக்கைக்கு வந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்த மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன.

2025இல் வந்த வங்கிச் சட்டங்கள் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. இனி ஃபோர்ட்நைட் என்றால் மாதத்தின் 1ஆம் தேதி முதல் 15ஆம் தேதி வரை, அல்லது 16ஆம் தேதி முதல் மாதக் கடைசி நாள் வரை. மச்சினர் சொன்னது இதைத்தான். அவர் சொன்னது உண்மை, ஆனால் முழுசாக இல்லை. சட்டம் 15 என்று ஒரு எண்ணைச் சொல்லவில்லை, தேதியைத்தான் சொல்கிறது. அது அந்தச் சட்டங்களின் வேலைக்காக வைத்துக்கொண்ட வரையறை. ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு அது செல்லாது.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

எழுதிய பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புதிய வரையறைப்படி முதல் பாதி எப்போதும் 15 நாள். இரண்டாம் பாதி 30 நாள் மாதத்தில் 15, 31 நாள் மாதத்தில் 16, பிப்ரவரியில் 13. லீப் வருடப் பிப்ரவரியில் மட்டும் 16 முதல் 29 வரை சரியாக 14. ஆக, பதினான்கு இரவு என்று பெயர் வைத்துக்கொண்ட காலம் இந்திய வங்கிச் சட்டத்தில் நாலு வருடத்துக்கு ஒரு தடவைதான் பதினான்கு நாளாக இருக்கும். அடுத்தது 2028இல்.

ஜனவரி 13

'ஒரு நாள் வித்தியாசம்தானே, இதுக்கு இவ்வளவு பேச்சா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேச்சு வேண்டும். என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கண் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் ஒரு ஃபோர்ட்நைட் கழித்து வந்து காட்டச் சொல்லி எழுதியிருந்தது. கொடுத்தவர் அதை 'பதினைஞ்சு நாள் கழிச்சு வாங்கம்மா' என்று சொல்லிவிட்டார். அம்மா காலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பதினைந்தாவது நாள் கிளம்பிப் போனார். அது புதன்கிழமை. அந்த மருத்துவர் அங்கே வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, இரண்டு பஸ் மாறிப் போன பயணம், எல்லாம் வீணாகி அடுத்த செவ்வாய் வரை காத்திருந்தார். நல்லவேளையாகக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஃபோர்ட்நைட் என்றால் அதே கிழமை திரும்பி வரும். செவ்வாயில் தொடங்கினால் செவ்வாயில் முடியும். பட்சம், அரை மாதம் இவையெல்லாம் கிழமையைப் பார்க்காது, ஒன்று நிலவைப் பார்க்கும், இன்னொன்று தேதியைப் பார்க்கும். ஆகவே யாராவது ஃபோர்ட்நைட் என்றால், இவர் கிழமையை நினைத்துச் சொல்கிறாரா தேதியை நினைத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். சந்தை, மருத்துவர் வரும் நாள், சம்பள வெள்ளி என்றால் 14. பத்திரிகை, அரசு விழா என்றால் அரை மாதம்.

ஜனவரி 16

பொங்கல் விடுமுறையில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து என்று சொல்வது நாம் மட்டும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு வாரத்துக்குப் பதினைந்து நாள் என்றுதான் சொல்கிறார்கள், கேன்ஸ் படவிழாவோடு சேர்ந்து 1969 முதல் நடக்கும் இயக்குநர்கள் பிரிவுக்கு அவர்கள் மொழியில் கேன்ஸேன் என்று பெயர், பதினைந்து நாள் தொகுதி என்று அர்த்தம். அதையே ஆங்கிலத்தில் டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட் என்கிறார்கள். ஸ்பானியர்களும் பதினைந்து நாள் என்பார்கள். இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸ் மொழியில் வாரத்துக்கு எட்டு இரவு, இரண்டு வாரத்துக்குப் பதினைந்து இரவு. ஜெர்மானியர்கள் வாரத்தை எட்டு நாள் என்று சொன்னாலும் இரண்டு வாரம் என்று வரும்போது பதினான்கு நாள் என்கிறார்கள்.

இவர்கள் யாருக்கும் எண்ணத் தெரியாமல் இல்லை. திங்களில் தொடங்கி அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் வரை விரல் விட்டு எண்ணுங்கள். தொடங்கிய திங்களையும் ஒன்று என்று சேர்த்தால் 15. சேர்க்காவிட்டால் 14. இரண்டு கணக்கும் வந்து நிற்பது ஒரே திங்களில்தான். நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்துக்கு நாள் பார்க்கும்போது இறந்த நாளையும் ஒன்று என்று சேர்த்துத்தானே எண்ணுகிறோம். அதே வழக்கம்.

அப்படியானால் அம்மா பிரெஞ்சுக்காரராக இருந்திருந்தால் சரியாகச் செவ்வாய்க்கிழமைதான் போயிருப்பார். அவர் வீட்டுக்கு வந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து 15 எண்ணினார், அங்கேதான் ஒரு நாள் தள்ளிப்போனது.

ஜனவரி 17

நாளை எண்ணாமல் இரவை ஏன் எண்ணினார்கள் என்று கேட்டவருக்கு: ஆங்கிலேயரின் முன்னோரான ஜெர்மானியக் குடிகள் அப்படித்தான் எண்ணினார்கள். ரோமானியரான டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதிய ஜெர்மானியா என்ற நூலில், இவர்கள் நம்மைப்போல் பகலை எண்ணாமல் இரவை எண்ணுகிறார்கள், இரவுதான் பகலை அழைத்து வருவதாக நினைக்கிறார்கள் என்கிறார். அவருக்கு முன்பே ஜூலியஸ் சீசர், கால் (Gaul) என்று அன்று அழைக்கப்பட்ட பிரான்ஸ் பகுதி மக்களைப் பற்றி அதே செய்தியைச் சொல்கிறார். பிரான்ஸில் கொலின்யி என்ற ஊரில் 1897இல் கிடைத்த கால் மக்களின் வெண்கல நாட்காட்டித் தகட்டிலும் மாதம் இரண்டு பாதியாகத்தான் பிரிந்திருக்கிறது, முதல் பாதி 15 நாள், இரண்டாம் பாதி 14 அல்லது 15. பட்சம் மாதிரியே இல்லையா? இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிலவைப் பார்த்து நாள் கணக்கிடுகிறவனுக்கு இரவுதானே முக்கியம். இஸ்லாமிய நாட்காட்டியிலும் யூத நாட்காட்டியிலும் இன்றைக்கும் நாள் சூரியன் மறைந்ததும்தான் தொடங்குகிறது.

ஜனவரி 20

அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: அலுவலகத்தில் ஃபோர்ட்நைட் என்றதும் எல்லோரும் அந்த வீடியோ கேமைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்களாம். உண்மைதான். அங்கே இந்தச் சொல் புழக்கத்தில் இல்லை, டூ வீக்ஸ் என்பார்கள். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா இங்கெல்லாம் அன்றாடச் சொல். விம்பிள்டன் நடக்கும் இரண்டு வாரத்தை பிரிட்டனில் வெறுமனே தி ஃபோர்ட்நைட் என்றே சொல்லிவிடுவார்கள்.

சொல் இல்லாததால் அமெரிக்கர்கள் படும் பாடு பைவீக்லி. வாரத்தில் இரண்டு முறை என்றும் அர்த்தம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றும் அர்த்தம். அகராதியே இரண்டையும் கொடுக்கிறது. பைமன்த்லியும் அப்படித்தான். ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்து அதில் பைவீக்லி என்று இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வழியில்லை. ஃபோர்ட்நைட்லி என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராது. இத்தனை தெளிவான சொல்லை அவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஜனவரி 21

வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. முன்னால் 'எ' சேர்த்து ஒருமையாகவே பெரும்பாலும் வரும்: எ ஃபோர்ட்நைட் அகோ என்றால் இரண்டு வாரம் முன்பு, ஒன்ஸ் எ ஃபோர்ட்நைட் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிரிட்டனில் கிழமையோடு ஒட்டியும் சொல்வார்கள், ஃப்ரைடே ஃபோர்ட்நைட் என்றால் வரும் வெள்ளியிலிருந்து இரண்டு வாரம் தள்ளி வரும் வெள்ளி. இதை நம் ஊரில் பலர் 'வெள்ளி வரை இரண்டு வாரம்' என்று புரிந்துகொள்கிறார்கள், அது ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்வது, கால அளவைச் சொல்வது இல்லை. நீங்கள் எழுதும்போது இந்த வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள், படிக்கும்போது மட்டும் அடையாளம் தெரிந்தால் போதும்.

ஜனவரி 25

இன்னொரு இடம், பணம் சம்பந்தப்பட்டது.

என் பெரியப்பா மகன் மெல்பர்னில் இருக்கிறான். ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் சம்பளம் ஃபோர்ட்நைட்டுக்கு ஒரு முறை, அரசு உதவித்தொகையும் அப்படித்தான் கணக்கு. போன புதிதில் அவன் சம்பளத்தை இரண்டால் பெருக்கி மாதச் சம்பளம் இவ்வளவு என்று வீட்டில் சொல்லிவிட்டான், இங்கே வீட்டுக்கடன் பற்றிய பேச்சு எல்லாம் அந்த எண்ணை வைத்தே நடந்தது. ஆனால் வருடத்தில் 24 அரை மாதம், 26 ஃபோர்ட்நைட். ஒரு பேச்சுக்கு ஃபோர்ட்நைட்டுக்கு 2,600 டாலர் என்று வையுங்கள். இரண்டால் பெருக்கினால் மாதம் 5,200. சரியான வழி 26ஆல் பெருக்கி 12ஆல் வகுப்பது, அப்போது 5,633 டாலருக்குச் சற்று மேல் வரும். வருடத்துக்கு 5,200 டாலர், அதாவது ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கணக்கில் காணாமல் போயிருந்தது. வழக்கமாக வருடத்தில் இரண்டு மாதங்களில் மூன்று தடவை சம்பளம் வரும், அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே புரிந்தது.

வாடகையில் இது தலைகீழாக அடிக்கும். ஃபோர்ட்நைட்டுக்கு இவ்வளவு வாடகை என்று ஒத்துக்கொண்டுவிட்டு மாதத்துக்கு இரண்டு மடங்கு என்று ஒதுக்கி வைத்தால், மூன்று தடவை கட்டவேண்டிய மாதத்தில் கையைக் கடிக்கும். வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கவேண்டும்.

ஜனவரி 26

பத்திரிகைக்கும் இதே வித்தியாசம்தான். 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் வரும் இதழுக்கு வருடத்தில் 24 இதழ். ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி வரும் இதழுக்கு 26. தமிழில் மாதமிருமுறை என்று நமக்கு ஒரு அருமையான சொல் இருக்கிறது, முன்னதற்கு அதுதான் சரி. பின்னதற்கு இருவார இதழ். இரண்டையும் ஆங்கிலத்தில் ஃபோர்ட்நைட்லி என்றே போட்டுவிடுகிறோம். சந்தா கட்டுகிறவர் எத்தனை இதழ் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பிப்ரவரி 1

பட்சத்துக்குப் பதினைந்து திதி என்று மேலே எழுதியிருந்தேன். அதைப் பதினைந்து நாள் என்று படித்துவிடக்கூடாது. நிலவின் மாதம் சராசரியாக 29.53 நாள், பாதி 14.77. திதியின் நீளம் கூடிக் குறையும், அதனால் காலண்டரில் ஒரு பட்சம் 14 நாளாகவும் வரும், 15ஆகவும் வரும், எப்போதாவது 13ஆகவும் சுருங்கும். பதின்மூன்று நாள் பட்சத்தைக் கெட்ட சகுனமாகவே மகாபாரதத்தில் வியாசர் திருதராஷ்டிரனிடம் சொல்கிறார், குருட்சேத்திரப் போருக்கு முன்னால். சராசரியைப் பார்த்தால் பட்சம் 14க்கும் 15க்கும் நடுவில், 15க்குக் கிட்ட நிற்கிறது. ஐரோப்பாவில் 14, 15 என்று இரண்டு கணக்கும் வேரூன்றியதில் நிலவுக்கும் பங்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிப்ரவரி 2

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் தம்பி ஒருவர் மைக்ரோஃபோர்ட்நைட் பற்றிக் கேட்டிருக்கிறார். ஆமாம், அப்படி ஒன்று உண்டு. ஒரு ஃபோர்ட்நைட்டில் 12,09,600 நொடி. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 1.2096 நொடி. விஎம்எஸ் என்ற பழைய இயங்குதளத்தில், கணினி தொடங்கும்போது நேரத்தை உள்ளிட எவ்வளவு காத்திருக்கவேண்டும் என்ற அமைப்பை மைக்ரோஃபோர்ட்நைட் அளவில்தான் கொடுக்கவேண்டும். பொறியாளர்கள் விளையாட்டாக வைத்தது. ஆனால் கவனியுங்கள், ஃபோர்ட்நைட் 14 நாள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாததால்தான் அந்த விளையாட்டு வேலை செய்தது.

பிப்ரவரி 6

வீட்டு உரிமையாளர் ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதத்தில் ஒரு ஃபோர்ட்நைட்டுக்குள் பதில் தரவேண்டும் என்று இருக்கிறதாம், எந்த நாள் வரை அவகாசம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடிதம் அவர் கைக்கு வந்தது இன்றைக்கு, வெள்ளிக்கிழமை.

இங்கே 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15 என்று நினைத்து ஒரு நாள் தாமதமானால் நஷ்டம் உங்களுக்கு, 14க்குள் கொடுத்தால் எந்தக் கணக்கிலும் நீங்கள் பத்திரம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்றால், 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் 9ஆவது பிரிவில், ஒரு நாளிலிருந்து என்று மத்தியச் சட்டத்தில் சொன்னால் அந்த முதல் நாளை விட்டுவிடலாம் என்கிறது. தனியார் கடிதத்துக்கு அது நேரடியாகப் பொருந்தவேண்டும் என்று இல்லை, ஆனாலும் அந்த வழக்கத்தை ஒட்டி எண்ணினால் நாளை, 7ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி பதினான்கு. அதுவும் வெள்ளிதான். கடிதத்தில் இருக்கும் தேதி கைக்கு வந்த நாளுக்கு முந்தையதாக இருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ணி, முன்னால் வரும் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல வழி, இன்றைக்கே அவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்: உங்கள் கடிதம் கிடைத்தது, பிப்ரவரி 20 வெள்ளி மாலைக்குள் பதில் தருகிறேன் என்று. கடிதத்தின் தேதி முந்தையதாக இருந்தால் அதற்குத் தக்க நாளைப் போடுங்கள். அவர் மனதில் வேறு கணக்கு இருந்தால் உடனே சொல்லிவிடுவார்.